ஸ்னோமொபைலைக் கோடைக்கு ஆயத்தப்படுத்தக் கடையில் விடுவோர் கவனத்திற்கு: எனக்கு 2,840 டொலர் போய்விட்டது

கனடாவில் ஒன்ராறியோவின் சட்பரியில் பனிப்பாதைகள் திறந்த இரண்டாவது வார இறுதியிலேயே, பனிமேல் ஓடும் வண்டியான என் ஸ்னோமொபைலின் எஞ்சின் நடுப்பாதையில் இறுகி நின்றுவிட்டது. திருத்துவதற்கு 2,460 டொலர் ஆகும் என்று இன்று காலை வேறொரு மெக்கானிக் எழுதித் தந்தார். சென்ற ஏப்ரலில், கோடை முழுவதும் ஓடாமல் நிறுத்திவைக்க ஆயத்தப்படுத்துவதற்காக ஒரு கடைக்குக் கட்டிய 380 டொலரையும் சேர்த்தால் 2,840 டொலர். குளிர்காலத்தில் ஸ்னோமொபைலும் கோடையில் படகு மோட்டாரும் பார்க்கும், நகருக்கு வெளியே உள்ள கடை அது.

பத்து ஆண்டுகளாக இந்த வேலையை நானே செய்துவந்தேன். தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால்தான் கடைக்குக் கொண்டுபோனேன். முகப்பில் நின்றவர் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, மூடியைத் திறந்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரை விரலால் தட்டிக் காட்டி, தம்மிடமும் இதே வண்டி இருப்பதாகவும் பனி விழும்போது ஒரே இழுப்பில் எழும்பும் என்றும் சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் சாவியைக் கொடுத்தேன். எஞ்சினுக்குள் துரு ஏறாமல் காக்கும் ஃபொகிங் எண்ணெய் தெளித்தல், பெற்றோல் கெடாமல் இருக்க நிலைப்படுத்தி சேர்த்தல், காபரேற்றரிலுள்ள பெற்றோலை வடித்தல் என மூன்றுக்கும் பற்றுச்சீட்டில் சரி அடையாளம் இட்டிருந்தார்கள்.

என் வண்டியில் இருப்பதுபோன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெற்றோலோடு உள்ளே போகும் எண்ணெயின் மெல்லிய படலம்தான், எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளுக்குக் காப்பு. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அது வடிந்துபோய், கோடையின் ஈரக்காற்றில் துரு ஏறும் என்பதால்தான், எஞ்சின் ஓடும்போதே காற்று புகும் வாயில் ஃபொகிங் எண்ணெயைத் தெளித்து, அது புகை கக்கித் திணறும்வரை விடுகிறார்கள். பத்து நிமிட வேலை. அதைக்கூடச் செய்யவில்லை.

மெக்கானிக் என் கண்முன்னே, காபரேற்றரின் அடியில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினார். அதன் திருகாணிகளில் பழைய அழுக்கு அப்படியே படிந்திருந்தது. யாரும் தொட்டதற்கு அடையாளமே இல்லை. உள்ளே பழுப்புப் பசை. பெற்றோல் பாயும் நுண்துளை உள்ள ஜெட் என்ற சிறு பாகத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். துளையில் வெளிச்சம் தெரியவில்லை. பெற்றோல் போதாமல் அந்த ஜெட் வழியே பெற்றோல் பெறும் சிலிண்டர் சூடேறி, பிஸ்டன் சுவரைக் கீறிவிட்டது. பேரிங்கில் துருப்புள்ளிகளும் இருந்தன.

கடைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, முதலில் என் வாகனக் கொட்டகை ஈரமாக இருந்திருக்கும் என்றார்கள். மறுநாள் முகாமையாளர் அழைப்பார் என்றார்கள், அவர் அழைக்கவில்லை. நேரில் போனபோது, தம்மிடமும் இதே வண்டி இருப்பதாகச் சொன்ன அதே மனிதர், பற்றுச்சீட்டின் அடியிலிருந்த சிறிய எழுத்தைக் காட்டி, எரிபொருளால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வடிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியதே அந்த எரிபொருளைத்தானே? 2,840 டொலர் எனக்குச் சின்னத் தொகை அல்ல.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. ஃபொகிங் செய்யும்போது கூடவே நில்லுங்கள், புகையைக் கண்ணால் பாருங்கள். வடித்த பெற்றோலைக் காட்டச் சொல்லுங்கள். பணம் கட்டுமுன் சிறிய எழுத்தைப் படியுங்கள். பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

திங்கட்கிழமை என் முறைப்பாடு பதிவுத் தபாலில் போகிறது. பதில் வராவிட்டால் 2,840 டொலருக்கும் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவேன். கழற்றிய ஜெட்டை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.