ஐஇஎல்டிஎஸ் ரீடிங் பயிற்சிச் செயலி: ஒரு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

நாற்பது வயதில் ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கக் கேட்கும் ஆங்கிலத் திறன் தேர்வு) எழுதப் போகிறேன், அதற்காகச் சந்தா கட்டி ஒரு செயலி வாங்கினேன், பெயர் வேண்டாம். ரீடிங் மாதிரித் தேர்வு அசலைப் போலவே 3 நீண்ட கட்டுரைகள், 40 கேள்விகள், 60 நிமிடம். 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' (கட்டுரைப்படி சரி, தவறு, அதில் சொல்லவே இல்லை) கேள்விகள்தான் உயிரை வாங்கும். கட்டுரையில் 'பெரும்பாலான தேனீக்கள்' என்று இருக்கும், கேள்வியில் 'எல்லாத் தேனீக்களும்' என்று வரும், அவசரத்தில் நான் 'ட்ரூ' போட்டுவிடுவேன். ஒவ்வொரு தவறான விடைக்கும் கட்டுரையின் எந்த வரியில் சறுக்கினோம் என்று மஞ்சளில் காட்டுகிறார்கள், கொடுத்த காசுக்கு அது ஒன்றே போதும்.

சொல்வளப் பகுதி சுத்த மோசம். 'அட்ரஸ்' என்றால் முகவரி, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கட்டுரையில் 'அட்ரஸ் தி ப்ராப்ளம்' என்று வந்தபோது முகவரியை எங்கே பொருத்துவது என்று முழித்தேன் (பிரச்சினையைக் கையாள்வது என்று பிறகு பையன்தான் சொன்னான்). அப்புறம், எழுத்துப்பிழையோடு பதில் போட்டாலும் செயலி மதிப்பெண் தருகிறது. அசல் தேர்வில் அது போச்சு. ரீடிங்குக்கு மட்டும் வாங்கலாம், ஒரே ஒரு மாதத்துக்கு.