வீட்டுக்கே வந்து செராமிக் கோட்டிங் போடுகிறார்களா? பணம் கொடுக்கும் முன் ஒரு ஈரத்துணிச் சோதனை

என் காரின் பானட்டை ஒருவர் மெஷின் வைத்துத் தேய்த்துக் கெடுத்துவிட்டுப் போனார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்து முழுத் தொகையையும் கொடுத்து அனுப்பினேன். இனி அந்த பானட்டுக்கு மெஷின் பாலிஷே போட முடியாது. வேறு யாருக்கும் இப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கார் கருநீல நிறம். அடர் நிறக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வெயிலில் நின்றால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரியும். தூசியோடு சேர்த்துத் துணியால் துடைப்பதால் வருபவை. நானே வீட்டில் பாலிஷ் செய்து மேலே பாதுகாப்புக்கு ஒரு சீலன்ட் பூசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மெஷின் பிடித்துப் பழக்கமில்லை, கெடுத்துவிடுவோமோ என்று பயம். அந்த நேரத்தில்தான் வீட்டுக்கே வந்து செய்து தருகிற ஒருவரின் எண் கிடைத்தது. மூன்று கட்ட பாலிஷ், அதன்மேல் செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசினால் இறுகிப் படலமாக நின்று காக்கும் திரவம்), 5 வருட வாரன்டி, எல்லாம் மூன்று மணி நேரத்தில் முடியும் என்றார்.

அந்த மூன்று மணி நேரம் என்ற பேச்சிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒழுங்காகக் கழுவி, களிமண் கட்டி போட்டு ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்து, விளிம்புகளுக்கு டேப் ஒட்டி, கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் போட்டு, நைஸ் பாலிஷ் போட்டு, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அதன் பிறகு கோட்டிங் பூசுவதென்றால் ஒரு ஆளுக்கு முழு நாள் பிடிக்கும். அது எனக்கு அப்போது தெரியாது.

அவர் ஒரே வாளி, ஒரே ஸ்பாஞ்சு கொண்டுவந்தார். சக்கரத்தைத் தேய்த்த அதே ஸ்பாஞ்சால் கதவையும் தேய்த்தார். பிரேக் தூளும் மணலும் அதிலேயே இருக்குமே என்று கேட்டேன். "பாலிஷ்ல எல்லாம் போயிடும் சார்" என்றார். களிமண் கட்டி இல்லை, டேப் இல்லை. உச்சி வெயிலில், தொட்டால் கை சுடுகிற பானட்டின் மேல் காம்பவுண்டைத் தெளித்து, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேடு மாட்டி அழுத்தினார். சூடான தகட்டில் காம்பவுண்ட் உடனே காய்ந்து பொடியாகப் பறந்தது. கடைசியில் பெயர் எதுவும் ஒட்டாத ஒரு ஸ்ப்ரே பாட்டிலிலிருந்து எதையோ அடித்துத் துடைத்துவிட்டு, இதுதான் செராமிக் என்றார்.

கார் கண்ணாடி போல் இருந்தது. ஒரு கீறல்கூடக் கண்ணில் படவில்லை.

மூன்றாவது முறை கழுவியபோது கீறல்கள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. அதோடு புதிதாக ஒன்று: சாய்ந்த வெயிலில் பானட் முழுக்க அலை அலையாக மங்கிய கோடுகள், நகர்ந்து பார்த்தால் அவையும் கூடவே நகர்ந்தன. ஹாலோகிராம் என்கிறார்கள். ரோட்டரியைத் தவறாகப் பிடித்தால் பேடு விட்டுச் செல்லும் தடம் அது. டிக்கி ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நிறம் வெளுத்து அடிப்பூச்சு தெரிந்தது. ஓரங்களில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அதனால்தான் டேப் ஒட்டச் சொல்கிறார்கள்.

அவருக்குப் போன் செய்தேன். நான் தப்பான ஷாம்பு போட்டுக் கழுவியிருப்பேன், அதனால் வாரன்டி போய்விட்டது என்றார். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. அடுத்த அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

பிறகு இந்த வேலையை நிதானமாகச் செய்கிற இன்னொருவரிடம் காட்டினேன். அவர் பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியை எடுத்து வைத்தார். யாரும் கைவைக்காத கூரையில் 118 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பானட் நடுவில் 108, ஓரத்துக்குப் பக்கத்தில் 90. அந்த எண் அடிப்பூச்சு, நிறம், மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தது. தொழிற்சாலையிலேயே தகட்டுக்குத் தகடு கொஞ்சம் மாறும், அதனால் முன்பே அளந்திருந்தால்தான் எவ்வளவு போனது என்று உறுதியாகச் சொல்ல முடியும் என்று அவரே சொன்னார். ஆனால் கிளியர் கோட் மொத்தமே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விடவும் மெல்லியது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது அந்தப் படலம். பாலிஷ் என்றால் எதையும் சேர்ப்பதில்லை. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ். எடுத்தது திரும்ப வராது, பெயின்ட் அடித்தால்தான் உண்டு. இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அந்த மெஷினைப் பானட்டில் வைக்க விட்டிருக்க மாட்டேன்.

அப்படித் தேய்த்தும் கீறல் ஏன் திரும்பி வந்தது? ஆழமான கீறல்கள் போகவே இல்லை. எண்ணெயும் நிரப்பியும் கலந்த கிளேஸ் ஒன்றால் முதலில் வந்தவர் அவற்றை அடைத்து மறைத்திருக்கிறார். இரண்டு மூன்று கழுவலில் அது கரைந்துவிட்டது. கோட்டிங் என்று அடித்தது விரைவில் போய்விடும் சாதாரண மெழுகு ஸ்ப்ரேயாக இருக்கலாம் என்பது பார்த்தவரின் கணிப்பு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டதைக் காட்டித்தான் அந்த முதல் ஆள் என்னை நம்ப வைத்தார், ஆனால் மெழுகு பூசினாலும் தண்ணீர் அப்படித்தான் உருளும். உண்மையான செராமிக் கோட்டிங் பொதுவாக சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வரும். சிறு சிறு பகுதியாகப் பூசி, சில நிமிடங்களில் துடைத்துச் சமன் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் அந்த இடம் திட்டாக இறுகி, திரும்பப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். பூசியபின் குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. அவரோ முடித்த கையோடு தண்ணீர் ஊற்றிக் காட்டினார்! "ஒன்பது எச் கடினம்" என்றும் சொன்னார். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் தெறித்தால் அது காப்பாற்றாது.

இப்போது யாரையாவது வரச் சொல்லியிருக்கிறீர்கள் என்றால், முதலில் வெயில் படாத நிழலான இடத்தில் மட்டும்தான் வேலை என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு சதுரத்தில், இரண்டு கை அகலம் போதும், பாலிஷ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசையைக் கரைத்தெடுக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து மைக்ரோஃபைபர் துணியை நனைத்து அந்த இடத்தைத் துடையுங்கள், பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் போனதுதான், மறைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஒழுங்கான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார், கோட்டிங்குக்கு முன் அவரே இப்படித் துடைத்தாக வேண்டும். பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணத் தடிமன் கருவி அங்கே வேலை செய்யாது, அங்கே அளந்து காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் எந்தக் கருவி என்று கேளுங்கள்.

ஏற்கெனவே செய்து முடித்து வாரங்கள் ஆகிவிட்டது என்றாலும் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் இன்றே துடைத்துப் பாருங்கள். நன்றாக இறுகிய செராமிக் அந்தத் துணிக்குப் போகாது. கீறல் தெரிந்தால், போன் செய்வதற்கு முன்பே டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.