மஞ்சள் அலரி விதையா, டிகொக்சின் குளிசையா?

வன்னி வேலிகளில் நிற்கும் மஞ்சள் அலரியின் விதை புற்றுநோயைக் கரைக்கும் என்பவர்கள், இதய நோய்க்கு வைத்தியர் தரும் மருந்தான டிகொக்சினையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டிலும் இருப்பது சில ஹோர்மோன்களைப் போல ஸ்டெரொயிட் கட்டமைப்புள்ள பொருள்கள். இரண்டும் ஒரே பம்பியை அடைக்கின்றன: 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் கலப் பம்பி. அது நின்றால் கலத்துக்குள் சோடியமும் கல்சியமும் ஏறும். ஆய்வுகூடத் தட்டில் மனிதப் புற்றுக் கலங்கள் சாவதும் உண்மை.

சிக்கல், இதயமும் அதே பம்பியில்தான் ஓடுகிறது. எலியின் பம்பி இப்பொருளுக்கு எளிதில் மசியாது. மனிதக் கட்டியை எலியில் வளர்த்துச் சோதித்தால் கட்டி சுருங்கும், எலி தப்பும். அந்த முடிவை மனிதருக்குப் பொருத்தவே கூடாது.

குளிசையில் 62.5, 125, 250 மைக்ரோகிராம் என்று அளவு உண்டு, இரத்தத்தில் அளக்கலாம். அப்படியும் சிறுநீரகம் தளர்ந்தாலோ பொட்டாசியம் குறைந்தாலோ நஞ்சாகும். விதையில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

குளிசை இதயத்துக்கு மட்டும், வைத்தியர் எழுதித் தந்தால். விதை எதற்குமே வேண்டாம். யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஈசிஜி எடுத்து இதயத் துடிப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.