பச்சைப்பயறுத் தோலின் இரு மாற்றியங்கள்: திரவ நிறப்பகுப்பா, அயனி நகர்திறனா?

பச்சைப்பயற்றின் தோலில் மிகுதியாக உள்ள வைடெக்சின், ஐசோவைடெக்சின் இரண்டும் மாற்றியங்கள், அதாவது ஒரே மூலக்கூற்று வாய்பாடும் வேறு அமைப்பும் கொண்டவை; அபிஜெனின் என்ற தாவரச் சேர்மத்தின் 8ஆம் கார்பனில் குளுக்கோஸ் இணைந்திருந்தால் முதலாவது, 6ஆம் கார்பனில் இணைந்திருந்தால் இரண்டாவது. அயனிகளின் நிறையை அளக்கும் நிறைமானியில், எதிர்மின் அயனிகளாக்கும் முறையில் இரண்டுமே 431 என்ற நிறை-மின்சுமை விகிதத்தில் தோன்றுவதால், எத்தனை துல்லியமான நிறைமானியாயினும் நிறையை மட்டும் வைத்து இவற்றை வேறுபடுத்த இயலாது.

சேர்மங்களைக் கரைப்பானோடு நிரப்பிய குழாய் வழியே செலுத்திப் பிரிக்கும் திரவ நிறப்பகுப்பு இவற்றைச் சில நிமிட இடைவெளியிலோ அதற்கும் குறைவாகவோ பிரித்துத் தரும். பின்னர் அயனியை உடைத்தால் 120 அலகு இழந்த 311 என்ற துண்டு இரண்டிலும் கிடைக்கும். ஆனால் நீர் இழந்த 413 என்ற துண்டு 6ஆம் இட மாற்றியத்தில்தான் பொதுவாக வலுவாகத் தெரியும். என் பார்வையில் இச்சிறு வேறுபாடே இம்முறையின் பெரும்பலம். குறை என்னவெனில், வெளிவரும் நேரம் குழாய், கரைப்பான், வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதால், அதை வேறொரு ஆய்வகத்தின் அளவீட்டோடு நேரடியாக ஒப்பிட முடிவதில்லை.

அயனி நகர்திறன் முறையோ, மின்புலத்தால் உந்தப்பட்டு நைட்ரஜன் வாயுவினூடே செல்லும் அயனிகளை வடிவத்தின்படி மில்லிநொடிகளில் பிரிக்கிறது. அதிலிருந்து பெறப்படும் மோதல் குறுக்குவெட்டுப் பரப்பு (வாயுவோடு மோதுகையில் அயனி காட்டும் பரப்பளவு), ஒரே வாயுவில் முறையாக அளவுத்திருத்தம் செய்யப்பட்டால், ஆய்வகங்களுக்கிடையே ஒப்பிடத்தக்கது. ஆயினும் நெருங்கிய மாற்றியங்களின் பரப்பு வேறுபாடு, வழக்கமாக ஏற்கப்படும் ஓரிரு விழுக்காட்டுப் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும்.

ஆகவே இந்த இணைக்கு நிறப்பகுப்பையே அடிப்படையாகக் கொள்வேன். பல சேர்மங்கள் ஒருங்கே வெளிவரும் கச்சாச் சாற்றில், எந்தத் துண்டு எந்தத் தாய் அயனிக்கு (உடைவதற்கு முந்தைய அயனிக்கு) உரியது என்பதைத் தெளிவாக்க நகர்திறனைச் சேர்த்துக்கொள்வேன்.