மணாலியில் மஹிந்திரா தார் ஜீப்பை வாடகைக்கு எடுக்கிறீர்களா? கியர் லிவருக்குப் பக்கத்தில் பாருங்கள்

அடல் சுரங்கம் தாண்டி, கிராம்ஃபூ, சத்ரு, பத்தல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறும் பாதைக்கு "புதுசா ஓட்டுறவங்களும் ஈசியா போகலாம், ஃபோர் பை ஃபோர் தார் தர்றோம்" என்று சொல்லி வாடகைக் கடைக்காரர்கள் முன்பணம் வாங்குகிறார்கள். காலையில் கைக்கு வருவதோ நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் அல்ல, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் தார். கேட்டால், "அந்த வண்டி சர்வீஸ்ல இருக்கு, இதுவும் தார்தானே" என்பார்கள். இது வெறும் சமாளிப்பு, ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பின் சக்கர இயக்கத் தாரை மஹிந்திரா 2023 ஜனவரியில் கொண்டுவந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட வித்தியாசமே தெரியாது. பேட்ஜை நம்ப வேண்டாம், கடையில் வாங்கி யாரும் ஒட்டலாம். மூன்று கதவுத் தார் என்றால் கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லிவர் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஃபோர் பை ஃபோர் இல்லை. டீசல் வண்டியின் ஆர்சியில் 1497 சிசி என்று இருந்தாலும் அதேதான். ஃபோர் பை ஃபோர் டீசல் 2184 சிசி. பெட்ரோலில் இரண்டு வகைக்கும் ஒரே 2 லிட்டர் இன்ஜின், அதனால் லிவர்தான் சாட்சி.

லிவர் இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜல்லி மண்ணில் வண்டியை முழுசாக நிறுத்தி, நியூட்ரலில் கிளட்சை மிதித்து, அந்தச் சின்ன லிவரை ஃபோர் லோவுக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) தள்ளுங்கள். மீட்டரில் விளக்கு எரிந்து நிலைக்க வேண்டும். முதல் கியரில் கிளட்சை விட்டால் ஆக்ஸிலரேட்டர் தொடாமலே வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து போகும். காய்ந்த தார் ரோட்டில் இதைச் செய்து வண்டியைத் திருப்பாதீர்கள், அச்சுகள் இறுகிக்கொள்ளும்.

இவ்வளவு பார்ப்பது அந்தப் பாதையின் நாலாக்களுக்காக, அதாவது ரோட்டைக் குறுக்கே கடக்கும் ஓடைகளுக்காக. பனி உருகி வரும் நீர் அதிகாலையில் குறைவு, மதியத்துக்கு மேல் ஏறிவிடும். அடியில் உருண்டைப் பாறைகள். பின் சக்கரம் ஒன்று பிடி விட்டதும் அது வெறுமனே சுற்றும். புதிதாக ஓட்டுபவர் பதறிப்போய் அரை கிளட்சில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். சில நிமிடங்களில் தீய்ந்த வாடை, அத்தோடு கிளட்ச் பிளேட் போச்சு. ஃபோர் லோவில் கிளட்சைத் தொடாமல் ஊர்ந்திருந்தால் இது நடக்காது. தவறான வண்டியைக் கொடுத்தவர்களே அந்தக் கிளட்சுக்கு டெபாசிட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். கையெழுத்து வாங்கிய தாளில் 'கிளட்ச், டயர், அடிப்பகுதி வாடிக்கையாளர் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கும்.

ஏற்கெனவே தேய்ந்த கிளட்சை உங்கள் தலையில் கட்டுவதும் உண்டு. ஏற்றத்தில் நான்காவது கியரில் அழுத்திப் பாருங்கள்: இன்ஜின் சுற்று (ஆர்பிஎம்) மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. அதைப் பக்கத்தில் இருப்பவர் ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். குனிந்து வண்டியின் அடிப்பகுதியையும், ஸ்டெப்னி, ஜாக்கி, இழுவைப் பட்டை மூன்றையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

நம்பர் பிளேட்டும் முக்கியம். நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

முன்பதிவின்போதே வாட்ஸ்அப்பில் வண்டி எண்ணையும் 'ஃபோர் பை ஃபோர், இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப' என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், உள்ளூர் ஓட்டுநரோடு மஞ்சள் பலகை டாக்ஸி எடுத்துக்கொண்டு போங்கள்.