ஒரே வீடா, மூன்று வீடா, பணம் கட்டித் தங்கும் வீடா? எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் பிள்ளையைத் தயார் செய்வது பற்றி

பத்தாவது முடித்த பிள்ளையை ஒரு வருஷம் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்டாக வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் விசாரிப்பது செலவு. அடுத்தது விசா. அப்புறம், நீட் கோச்சிங் ஒரு வருஷம் தள்ளிப்போகுமே என்ற புலம்பல். யார் வீட்டில் தங்கப்போகிறான், அந்த வீட்டுக்கு அவனை எப்படித் தயார் செய்வது என்பதெல்லாம் டிக்கெட் போட்ட பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். அதற்கும் வீட்டுப் பெரியவர்கள் ஒரே பதிலை வைத்திருப்பார்கள்: "போற இடத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அதிகக் கெடுதல் செய்வது இந்த அறிவுரைதான் என்பது என் கட்சி. எங்கள் வட்டத்தில் மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகப் போய்வந்தார்கள். அண்ணன் மகள் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரே குடும்பத்தோடு பத்து மாதம். என் மகன் ரோட்டரி கிளப்பின் மாணவர் பரிமாற்றத் திட்டம் மூலம் பிரான்சில், மூன்று குடும்பங்களோடு. நண்பரின் மகன் கனடாவில், மாதாமாதம் பணம் கட்டித் தங்கும் ஹோம்ஸ்டேயில். மூவருக்கும் வேண்டியிருந்த தயாரிப்பு வேறு வேறு. ஆனால் கிளம்பும்போது மூவர் காதிலும் ஓதப்பட்டது அந்த ஒரே மந்திரம்.

முதலில் அமெரிக்கா. பள்ளி மாணவர்கள் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகும் திட்டம் இது. 15 வயது நிரம்பியிருக்க வேண்டும், பதினெட்டரை தாண்டக் கூடாது. அமெரிக்க அரசே முழுச் செலவையும் ஏற்கும் யெஸ் திட்டமும் (2002ல் தொடங்கியது, இந்தியப் பிள்ளைகளும் அதில் போயிருக்கிறார்கள்) இந்த வகைதான். இதில் பலர் கவனிக்காத விஷயம், பிள்ளையைத் தங்கவைக்கும் ஹோஸ்ட் குடும்பத்துக்கு ஒரு காசு கூடக் கிடையாது என்பது. வரிக் கணக்கில் வருமானத்திலிருந்து மாதத்துக்கு 50 டாலர் வரை கழித்துக் காட்டலாம், அவ்வளவுதான். பிள்ளைக்குச் சோறு போட்டு, பள்ளிக்கும் கடைக்கும் காரில் கூட்டிப்போய், பத்து மாதம் வைத்துக்கொள்கிறவர்கள் அதைச் சும்மா செய்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பழைய வேர் இருக்கிறது. பிள்ளைகளை இப்படி எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும் ஏ.எஃப்.எஸ். அமைப்பைத் தொடங்கியவர்கள் முதல் உலகப் போரில் சம்பளம் வாங்காமல் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1947ல்தான் அது மாணவர் பரிமாற்றத்துக்குத் திரும்பியது.

காசு வாங்காதவர் எதை எதிர்பார்ப்பார்? வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பதை. நம் பிள்ளையோ விருந்தாளியாகப் போய் இறங்குகிறது. அண்ணன் மகள் பள்ளி விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அவள் நினைப்பு. இந்தப் பெண்ணுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஹோஸ்ட் அம்மாவுக்கு நினைப்பு. இப்படியே ஆறு வாரம் ஓடியது.

அதைவிடச் சாப்பாட்டு மேஜை. முதல் நாள் மாலை ஐந்தரைக்கே டின்னர் (அதுவே அவளுக்கு அதிர்ச்சி), இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார்கள், இவள் மரியாதைக்கு "வேண்டாம்" என்றாள், இன்னொரு தரம் கேட்பார்கள் என்று காத்திருந்தாள், அவர்கள் "ஓகே" என்று பாத்திரத்தை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் முதல் வேண்டாமுக்கு அர்த்தம் கிடையாது, மூன்றாவது வேண்டாமைத்தான் நம்புவோம். அங்கே முதல் வேண்டாமே தீர்ப்பு. அன்று ராத்திரி அவள் பெட்டியில் இருந்த முறுக்கைத் தின்றுவிட்டுத் தூங்கினாள். ஃபிரிட்ஜைத் திறக்கலாமா என்று கேட்கத் தெரியாமல் முதல் பத்து நாளுக்குள் முறுக்கு மொத்தமும் தீர்ந்தது.

எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னொரு கூத்து. பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார்கள். ஐம்பது வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட இவளுக்கு நா எழவில்லை. ஆன்ட்டி என்றால் நான் உன் ஆன்ட்டி இல்லையே என்று சிரித்தார்களாம். அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், பக்கத்தில் போய் நின்று அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து பேசுவாள். டிசம்பர் வரை!

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தர வேண்டியது அனுப்பிய அமைப்பு. பெயர் வேண்டாம். இரண்டு நாள் ஓரியன்டேஷன் நடத்தினார்கள், ஹோட்டல் ஹாலில், ஸ்லைடு போட்டு. தேங்க்ஸ்கிவிங் என்றால் என்ன, ஹோம்கமிங் என்றால் என்ன, பேஸ்பால் விதிகள் கொஞ்சம். குளித்தால் ஷவர் திரையைத் தொட்டிக்கு உள்பக்கம் விட வேண்டும், இல்லாவிட்டால் வடிகால் இல்லாத தரையில் தண்ணீர் தேங்கிக் கீழ்மாடிக் கூரை வரை நனையும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது முதல் வாரத்திலேயே நடந்தது.

ஜே-1 திட்டத்தின் பலம் அதன் விதிகள், அதை மறுக்க மாட்டேன். வீட்டில் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை, வீட்டுக்கே வந்து நேர்காணல், வீட்டின் போட்டோக்கள், உறவினர் அல்லாத இரண்டு பேர் சிபாரிசு. அமைப்பின் உள்ளூர் கோஆர்டினேட்டர் அந்த வீட்டிலிருந்து 120 மைலுக்குள் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை மாணவரோடும் குடும்பத்தோடும் தனித்தனியாகப் பேச வேண்டும். எல்லாம் சரி, ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வாயைத் திறந்து பேசும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அண்ணன் மகள் ஒவ்வொரு மாதமும் சொன்னது "எவ்ரிதிங் ஈஸ் ஃபைன்". வேறென்ன சொல்வாள்? அட்ஜஸ்ட் பண்ணத்தானே அனுப்பினோம். தவறான தொடுதல், பாலியல் தொல்லை வந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லித்தர வேண்டும் என்று அந்த விதிகளில் இருக்கிறது. நம் வீடுகளில் அந்தப் பகுதி வந்ததும் அப்பாக்கள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் நாள் முதல் பாடம் அதுவாக இருக்க வேண்டும், பேஸ்பால் அப்புறம் வரட்டும்.

சரி, ரோட்டரி. இங்கே பெரும்பாலும் வருஷத்தில் இரண்டு அல்லது மூன்று குடும்பங்கள் மாறும். ஹோஸ்ட் குடும்பத்தைச் சேராத ஒருவர் பிள்ளைக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலராக இருப்பார். தங்க இடமும் சாப்பாடும் பள்ளியும் அங்கிருக்கும் கிளப் ஏற்பாடு, கைச்செலவுக்கு மாதாமாதம் கொஞ்சம் பணமும் தருவார்கள். டிக்கெட், இன்சூரன்ஸ், விசா நம் செலவு. குடி, போதை, டிரைவிங், டேட்டிங் நான்கும் கூடாது என்பது பல ரோட்டரி மாவட்டங்களில் சட்டம்.

குடும்பம் மாறுவது நல்லதா கெட்டதா? நான் முதலில் கெட்டது என்றுதான் நினைத்தேன். ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் பிடுங்கி நடுகிறார்களே என்று. மகன் போய்வந்த பிறகு பாதி மனசு மாறிவிட்டது. ஒத்துவராத வீடு என்றால் புகார் இல்லாமல், யார் முகமும் கோணாமல், மூன்று நாலு மாதத்தில் அதுவாகவே முடிந்துவிடுகிறது. ஜே-1ல் வீடு மாற வேண்டுமானால் பிள்ளை சொல்ல வேண்டும், விசாரிப்பார்கள், புதுக் குடும்பம் தேடுவார்கள், ஊரே பேசும். ஆனால் ரோட்டரியில் முதல் நாள் கூச்சம் மூன்று தரம் வரும். இரண்டாவது வீட்டில் போய், முதல் வீட்டில் இப்படி இல்லையே என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. இதற்குத் தனியாகவே பழக்க வேண்டும்.

தயாரிப்பு என்று பார்த்தால் ரோட்டரி பக்கம் இரண்டு விஷயம் மற்ற இரண்டிலும் இல்லாத அளவுக்கு உதவுகிறது. ஒன்று, பிள்ளையை அனுப்புகிற குடும்பம் வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி பல இடங்களில் கேட்கிறார்கள். மகன் கிளம்புவதற்கு முந்தின வருஷம் பிரேசில் பையன் ஒருவன் கோவையில் எங்கள் வீட்டில் நாலு மாதம் இருந்தான். எந்த ஸ்லைடும் சொல்லித்தராததை அவன் சொல்லித்தந்தான். அவன் வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம். என் மனைவி இன்னும் இரண்டு தோசை வைப்பாள். மறுத்தால் மரியாதை இல்லையோ என்று சாப்பிட்டுவிடுவான். வயிறு படுத்தியதை அடுத்த வீட்டுக்குப் போன பிறகுதான் சொன்னானாம். ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிப்பான், அவன் ஊரில் அது சாதாரணம், இங்கே வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் விட்ட காலம் அது, நான் மோட்டார் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனே தவிர அவனிடம் சொல்லவில்லை. கதவைத் தட்டாமல் அவன் அறைக்குள் நாங்கள் எல்லோரும் போய்வந்தோம். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த மகனுக்கு ஒன்று புரிந்தது: ஹோஸ்ட் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் தண்ணீராகவும் இருக்கலாம்.

இரண்டாவது, 'முதல் இரவுக் கேள்விகள்' என்று ரோட்டரியில் புழங்கும் ஒரு பட்டியல். (தமிழில் சொன்னால் வேறு மாதிரி ஒலிக்கிறது, என்ன செய்வது.) ஹோஸ்ட் குடும்பமும் மாணவரும் முதல் நாளோ அடுத்த நாளோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசி முடிக்க வேண்டும். உங்களை எப்படிக் கூப்பிடுவது? நானே எடுத்துச் சாப்பிடலாமா, கேட்டுவிட்டு எடுக்க வேண்டுமா? அழுக்குத் துணியை எங்கே போடுவது, உள்ளாடையை நானே துவைக்க வேண்டுமா? காலையில் எந்த நேரம் நான் குளித்தால் உங்களுக்கு வசதி? உங்கள் ஷாம்பூவை உபயோகிக்கலாமா? வீட்டில் நான் போகக் கூடாத அறை எது? உங்கள் பிறந்தநாள் எப்போது? இவ்வளவுதான். ஒஹையோவில் நாலு மாதம் இழுத்தவற்றில் பாதி, இந்தத் தாள் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் கஷ்டம் இல்லை, கேட்பது தாள்தானே.

கனடா பற்றி அதிகம் சொல்ல இல்லை. பள்ளிக் கட்டணத்தோடு சேர்த்து ஹோம்ஸ்டே பணமும் நாம் கட்டுகிறோம், அது குடும்பத்துக்குப் போகிறது. 17 வயது ஆகாத பிள்ளைக்கு அங்கே கஸ்டோடியன், அதாவது பெற்றோர் இடத்தில் பொறுப்பேற்கும் ஒருவர், கட்டாயம். தயாரிப்பு என்றால் ஒப்பந்தத்தைப் படிப்பதுதான்: எத்தனை வேளைச் சாப்பாடு, மதிய லஞ்ச் யார் கட்டிக்கொடுப்பது, ராத்திரி எத்தனை மணிக்குள் வீடு. வேடிக்கை என்னவென்றால் நம் பிள்ளைகள் இங்கேதான் தயங்காமல் கேட்கிறார்கள், காசு கொடுத்திருக்கிறோமே என்ற தைரியம். நண்பரின் மகன் ஹீட்டர் சரியில்லை என்று இரண்டாவது நாளே சொல்லி மாற்றிக்கொண்டான். ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகளின் பெயரைக் கேட்டால் இன்று யோசித்துத்தான் சொல்வான். ஹாஸ்டலாக நினைத்துப் போனான், அவர்களும் ஹாஸ்டலாகவே நடத்தினார்கள். படிப்புக்காக மட்டும் போகிறவனுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை.

எந்த வழியாகப் போனாலும் பெற்றோருக்கும் ஒரு தயாரிப்பு உண்டு, அதை யாரும் நடத்துவதில்லை. ஒஹையோவில் ராத்திரி 9 மணி என்றால் கோடைக்காலத்தில் இங்கே காலை 6.30. அண்ணி காபி போட்டதும் வீடியோ கால். அந்த நேரத்தில்தான் அங்கே குடும்பம் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும். தினமும் கதவு சாத்தியதற்குப் படிப்பு மட்டும் காரணம் இல்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. வாரம் ஒரு கால் போதும், அண்ணி கோபித்தாலும் பரவாயில்லை.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒரே வீட்டில் மெல்ல மெல்ல ஒட்டும் சுபாவம் உள்ள பிள்ளைக்கு ஜே-1, ஆனால் ரோட்டரியின் கேள்வித்தாளைக் கையில் கொடுத்து. புது ஆட்களிடம் சட்டென்று பேசும் பிள்ளைக்கு ரோட்டரி. இரண்டுக்கும் முன்னால் முடிந்தால் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை நாலு மாதம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தோசையைக் கணக்காக வையுங்கள்.

மகன் பிரான்சுக்குக் கிளம்பும் முன் அந்தத் தாளை எங்கள் வீட்டு மேஜையிலேயே ஒத்திகை பார்த்தோம், நானும் மனைவியும் பிரெஞ்சுக்காரர்களாக. எங்களிடம் இருந்த தாளில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாராவது செய்வது எனக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? எழுதிக் கொடுக்கலாம், நேரில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசலாம், கவுன்சிலரிடம் சொல்லலாம், அல்லது ரகசியமாக வைத்துப் பொறுத்துக்கொள்ளலாம். பையன் யோசிக்கவே இல்லை, கடைசியில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். மனைவி எழுந்து உள்ளே போய் ரப்பர் எடுத்து வந்தாள்.