போஸ்ட்கிராசிங்கும் பண்டிகை பஜாரும்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் ஒரு அஞ்சலட்டை போட வேண்டும். பதிலுக்கு அவர் போடமாட்டார். உலகத்தின் வேறொரு மூலையிலிருந்து வேறு யாரோ நமக்குப் போடுவார்கள். போஸ்ட்கிராசிங் என்ற இணையதளம் இவ்வளவுதான். போர்ச்சுகல்காரரான பாவ்லோ மகல்ஹாயிஸ் மாணவராக இருந்தபோது 2005 ஜூலையில் ஆரம்பித்தது. இதுவரை ஏழு கோடிக்கும் மேல் அட்டைகள் இதன் வழியே போய்ச் சேர்ந்திருக்கின்றன. பல வருடங்களாக மதுரையிலிருந்து இதைப் பயன்படுத்துகிறேன். சேரலாமா, செலவு கட்டுப்படியாகுமா, சலிக்காதா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முறை சுலபம். கணக்கு தொடங்கக் காசு கிடையாது. முகவரி கேட்டால் ஒரு பெயரும் முகவரியும் ஒரு எண்ணும் கொடுப்பார்கள். இந்தியாவிலிருந்து போகும் அட்டை என்றால் எண் ஐஎன் என்ற எழுத்துகளில் தொடங்கும். அதை அட்டையில் மறக்காமல் எழுத வேண்டும். அட்டை கையில் கிடைத்ததும் அவர் அந்த எண்ணைப் பதிவு செய்வார், கூடவே இரண்டு வரி நன்றியும் எழுதுவார். அதற்குப் பிறகுதான் நம் முகவரி இன்னொருவருக்குப் போகும். புதிதாகச் சேர்ந்தவர் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகளைத்தான் அனுப்ப முடியும். அட்டைகள் போய்ச் சேரச் சேர அந்த எண்ணிக்கை கூடும். அறுபது நாளாகியும் பதிவாகாத அட்டைக்குப் பதிலாக வேறு முகவரி வாங்கிக்கொள்ளலாம்.

அட்டை வருவதைவிட அனுப்புவதுதான் இதில் ருசி. சேரும்போது இதை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இந்த வழக்கம் வந்த பிறகு கடைத்தெருவைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் போனால் முன்பெல்லாம் கூட்டத்தில் இடிபடாமல் துணி எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதே பெரிய பாடு. இப்போது துணி எடுக்கும் வேலையை வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் விட்டுவிட்டு, நடைபாதைக் கடைகளில் தட்டையாக, லேசாக, கவருக்குள் அடங்குவதாக என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஒட்டுக் கோலம், பாசிமணி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு, ஜரிகை நாடா, ரப்பர் ஸ்டாம்ப். பத்து இருபது ரூபாய்ச் சாமான்கள்தான். நமக்குக் கண்ணிலேயே படாத சங்கதி ஃபின்லாந்துக்காரிக்கு அதிசயமாக இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போஸ்ட்கிராசிங்கில் அட்டை மட்டும்தான் கணக்கு, பரிசு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு அட்டையில் தொடங்கிய பழக்கம் சிலரோடு நேரடிப் பரிமாற்றமாக வளர்ந்துவிடும். எனக்கு அப்படி அமைந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் சேகரிப்பது ஸ்டாம்ப், இன்னொருவர் சர்க்கரைப் பொட்டல உறை. ஜெர்மனியிலுள்ள ஒரு பெரியவருக்கு உயிரே தீப்பெட்டி லேபிள்தான்.

அவரால்தான் தீப்பெட்டியை நானும் உற்றுப்பார்க்க ஆரம்பித்தேன். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் நமக்குக் கூப்பிடு தூரம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வேண்டியிருந்ததால்தான் சிவகாசியில் அச்சுத் தொழிலும் வேர்விட்டது. மான், மயில், சாவி, மாட்டுவண்டி, தாமரை என்று ஒரு தீப்பெட்டிக்குள் எத்தனை படம்! சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அந்த நிறங்களை எந்தக் கலைப்பள்ளியிலும் சொல்லித்தர மாட்டார்கள். அச்சு சற்று விலகிப்போய் மயிலின் கண் கழுத்துக்கு வந்துவிட்ட பெட்டி ஒன்று கிடைத்தது. ஜெர்மன் பெரியவரிடமிருந்து ஒரு பக்கத்துக்கு நன்றிக் கடிதம் வந்தது அதற்குத்தான்.

தெருமுனைப் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் தினுசுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்குவேன். பதினான்கு வருடம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. விலை ஏறின அன்றும் நான் போய் நின்றதைப் பார்த்து, “ஏம்மா, வீட்ல கேஸ் அடுப்புத்தானே? இவ்வளவு தீப்பெட்டிய என்ன பண்றீங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது, சரக்கோடு வந்த பழைய தினுசுகள் நாலைந்தைத் தனியாக எடுத்து பீடிக்கட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

தீக்குச்சியைத் தபாலில் அனுப்பவே கூடாது, எரியும் பொருள். குச்சிகளைச் சமையலறை டப்பாவில் கொட்டிவிட்டு, பெட்டியைப் பிரித்து, மருந்து தடவிய இரண்டு பக்கங்களையும் கத்தரித்து எறிந்துவிட்டுப் படம் உள்ள அட்டையை மட்டும் அனுப்புவேன். லட்சுமி வெடியின் படத்துக்கும் வெளிநாட்டில் ரசிகர்கள் உண்டு. ஆனால் வெடியைச் சுற்றியிருந்த தாளை அனுப்ப நான் சம்மதிப்பதில்லை. அதில் மருந்துத்தூள் ஒட்டியிருந்தால் வழியில் யாருக்குத் தலைவலி என்று தெரியாது. அதற்குப் பதில் தினசரி காலண்டர் தாள். அவர்களுடைய பிறந்தநாள் தேதியைக் கிழித்து வைத்து, ராகுகாலம் எது, நல்ல நேரம் எது என்று ஓரத்தில் எழுதி அனுப்பினால் கொண்டாடிவிடுகிறார்கள்.

சாப்பாட்டுச் சாமான், விதை, காய்ந்த இலை வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் ரொம்பக் கறார், சாதாரண மரச்சாமானையே சோதித்துத்தான் உள்ளே விடும். துணி அனுப்பலாம். சுங்குடியில் முடிச்சு அவிழ்க்காத சின்னத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். வாங்கியவர் முடிச்சை ஒவ்வொன்றாக இழுத்துவிட, உள்ளே வெள்ளைப் புள்ளி பூப்பதைத் தானே பார்க்கலாம். கவருக்குள் துணி, மணி என்று பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் சுங்கச் சீட்டு நிரப்ப வேண்டும். வெறும் அட்டைக்கும் கடிதத்துக்கும் அந்த வேலை இல்லை.

அப்புறம் ஸ்டாம்ப். அட்டையின் படத்தை விட்டுவிட்டு நேராக ஸ்டாம்பைப் பார்ப்பவர்கள்தான் இந்த வட்டத்தில் அதிகம். தலைமைத் தபால் நிலையங்களில் சேகரிப்பாளர்களுக்கென்று உள்ள கவுண்ட்டரில் நினைவுத் தபால்தலைகளாகக் கேட்டு வாங்குங்கள். அந்த நீண்ட மேஜை, ஓரத்தில் கோந்துப் பாத்திரம், காய்ந்து கெட்டிப்பட்ட குச்சி, பக்கத்தில் மணியார்டர் பாரம் நிரப்பித் தரச் சொல்லும் ஒரு பாட்டி. அந்த இடமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நம் நாட்டில் 2006-ல் சந்தன வாசனையோடும் 2017-ல் காபி வாசனையோடும் தபால்தலை வந்திருக்கிறது. மதுரைக்காரிக்கு மல்லிகை வாசனையில் 2008-ல் வந்ததுதான் பெருமை. அதெல்லாம் இப்போது கவுண்ட்டரில் கிடைக்காது, சேகரிப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஐம்பது பைசா அஞ்சலட்டை உள்நாட்டுக்கு. வெளிநாட்டுக்கு எவ்வளவு ஒட்ட வேண்டும் என்பதைக் கவுண்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பேனா. தீபாவளியும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும் சீசனில் ஜெல் பேனாவைத் தொடாதீர்கள். வழவழப்பான அட்டையில் ஒரு சொட்டு விழுந்தாலும் முகவரி கரைந்துவிடும். பழைய பால்பாயிண்ட் பேனாதான் நம்பகமானது.

வருடக் கடைசிதான் இந்தப் பொழுதுபோக்கின் உச்சம். ஆஸ்திரியாவில் கிறிஸ்ட்கிண்டில் என்று ஒரு சிற்றூர், பெயருக்கே குழந்தை இயேசு என்று அர்த்தம். 1950-லிருந்து கிறிஸ்மஸ் காலத்தில் அங்கே தனித் தபால் நிலையம் நடக்கிறது. அதன் முத்திரைக்காகவே உலகம் முழுக்கக் கவர்கள் அங்கே போய்த் திரும்புகின்றன. ஃபின்லாந்தில் ஆர்க்டிக் வட்டத்தின் மேல் ரோவனியெமியில் சாந்தாவின் தபால் நிலையம் இருக்கிறது. அங்கே இரண்டு பெட்டிகள். ஒன்றில் போட்டால் உடனே கிளம்பும். மற்றதில் போட்டால் கிறிஸ்மஸுக்குத்தான் கிளம்பும். கோடையில் சுற்றுலா போன தோழி அந்த இரண்டாவது பெட்டியில் போட்டுவிட்டு மூச்சு விடவில்லை. அட்டை கைக்கு வந்தபோது அவர் இப்போது எதற்கு அங்கே போனார் என்று குழம்பிப்போனேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஜப்பானின் நெங்காஜோ. புத்தாண்டு வாழ்த்து அட்டை. டிசம்பர் 25-க்குள் போட்டால் தபால்துறை எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் வீட்டுக்கு வீடு கொடுக்கும். அட்டையின் அடியில் லாட்டரி எண் அச்சிட்டிருக்கும், குலுக்கலில் பரிசும் விழும். இதைப் படித்ததும் நம் பொங்கல் வாழ்த்து ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. மார்கழி பிறந்தால் பிளாட்பாரம் முழுக்கச் சாக்கு விரித்து, எம்ஜிஆர், சிவாஜி, ரஜினி, கமல், முருகன், ஏர் உழும் மாடு, கரும்பு என்று கொட்டிக் குவித்திருப்பார்கள். கவரை ஒட்டாமல் மடக்கிவிட்டு ‘புக் போஸ்ட்’ என்று எழுதினால் ஸ்டாம்ப் செலவு குறையும் என்பது அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சிக்கனம். செல்போன் வந்து அதை முடித்துவைத்தது. ஜப்பானிலும் நெங்காஜோ குறைந்துகொண்டுதான் வருகிறது என்று அங்குள்ள தோழி எழுதுகிறார். என்றாலும் இன்னும் நிற்கிறது. அவருக்குப் பதிலாக நான் போடுவது பொங்கல் வாழ்த்துத்தான். பழைய புத்தகக் கடைகளில் எழுதாத அட்டைகள் எப்போதாவது ஒரு கட்டாகச் சிக்கும், பேரம் பேசாமல் வாங்கிவிடுவேன்.

இனி குறைகள். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிவராது. மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு இரண்டு மூன்று வாரம் என்றால் நல்ல வேகம். இரண்டு மாதம் ஆனதும் உண்டு, வழியில் எங்கோ தொலைந்ததும் உண்டு. நடுவில் உலகமே குறுக்கே வரும். 2020 மார்ச்சில் கொரோனாவால் வெளிநாட்டுத் தபால் நின்றது. 2025 ஆகஸ்ட் கடைசியில் சின்னப் பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா எடுத்துவிட, இங்கிருந்து அங்கே போகும் தபாலை நிறுத்தி வைத்தார்கள். அக்டோபர் நடுவில்தான் மறுபடி திறந்தது. அந்த வருடத் தீபாவளிக் கவர்கள் எல்லாம் பீரோவில் அடுக்கிக் கிடந்தன.

முகவரியை அந்நியருக்குக் கொடுப்பது பலருக்கு உறுத்தும். நம் பெயர் யாருக்கு விழுகிறதோ அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றாலும், தயக்கம் இருந்தால் ஒரு தபால் பெட்டி எண் எடுத்துக்கொள்ளலாம். சிலர் தங்கள் அறிமுகத்திலேயே இது வேண்டும் அது வேண்டாம் என்று கல்யாணச் சீர் வரிசை மாதிரி பட்டியல் போட்டிருப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள், கையில் இருக்கும் நல்ல அட்டையைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். வருகிற அட்டைகளிலும் பாதியில் ‘ஹேப்பி போஸ்ட்கிராசிங்’ என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. இருந்துவிட்டுப் போகட்டும். என் பொண்ணு அவற்றை ஸ்டாம்புக்காக எடுத்துக்கொள்கிறாள்.

நல்ல படஅட்டை உள்ளூரில் கிடைப்பதுதான் பெரிய பாடு. கோவில் வாசலில் கிடைக்கும் செட் சீக்கிரமே அலுத்துவிடும். நாங்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, நாங்களே எடுத்த புகைப்படங்களைச் சிவகாசியில் கொடுத்து அச்சடித்துக்கொள்கிறோம். கூடுதலாக அடிக்க அடிக்க ஒரு அட்டையின் விலை இறங்கும். ஆடிப்பெருக்கு சமயத்தில் அங்கே புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும், அதன் பிறகு அச்சகங்களில் நிற்க நேரம் இருக்காது. ஆகவே ஆடிக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவது நல்லது. படத்தின் பின்பக்கம் பளபளப்புப் பூச்சு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பேனா பிடிக்காது.

புதிதாகச் சேருகிறவர்கள் இப்போதே சேர்ந்து முதல் ஐந்தைப் போட்டுவிடுங்கள். கிறிஸ்மஸுக்குள் சேர வேண்டியதை தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஜப்பானுக்குப் பொங்கல் வாழ்த்து என்றால் மார்கழி பிறக்கும் வரை தாராளமாக நேரம் இருக்கிறது.